மயில் உள்ளானை முதலில் பார்த்தவள்

என் ஜெர்மேனுக்கு,

நீ போய் அடுத்த மாதத்தோடு ஒரு வருஷம் ஆகிறது. இத்தனை நாளும் உனக்கு ஒரு வரி எழுதவில்லை. எழுதி எந்த விலாசத்துக்கு அனுப்புவது என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். உன்னிடம் முகம் கொடுத்துப் பேசத் தைரியம் இல்லை, அதுதான் உண்மை. இப்போதும் இல்லை. உன் மகள் செலின்தான் விடமாட்டேன் என்கிறாள். "எழுதுங்க சித்தி. எழுதி நாலு பேரு படிக்கிற எடத்துல போடுங்க" என்று சொல்லிவிட்டாள். ஆக, இதை உன்னோடு சேர்ந்து ஊரும் படிக்கும். படிக்கட்டும்.

ஊர் படிப்பதால் உனக்குத் தெரிந்த சங்கதிகளையும் சொல்லியாக வேண்டும். பொறுத்துக்கொள். உனக்குத்தான் பொறுமை உண்டே. எதற்கும் காத்திருக்கத் தெரியாதவள் நான்தான்.

நாம் இரண்டு பேரும் தட்டாஞ்சாவடித் தொழிற்பேட்டையில் ஒரே அட்டைப்பெட்டிக் கம்பெனியில் ஒரே வருஷம் சேர்ந்தோம். நீ முத்தியால்பேட்டையிலிருந்து மொபெட்டில் வருவாய். நான் வில்லியனூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து பஸ் பிடித்து வருவேன். சாப்பாட்டு நேரம் அரைமணி. மற்றவர்கள் கீழே கூடத்தில் உட்கார்ந்து சாப்பிட, நாம் மட்டும் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு மாடி ஸ்டோர் ரூமுக்குப் போவோம். அங்கே பின்பக்கம் ஒரு ஜன்னல். அதற்கு அந்தப் பக்கம், எப்போதோ மூடிப்போன ஒரு தொழிற்சாலையின் காலி மனை. மழைத் தண்ணீர் தேங்கி, கோரையும் ஆளுயரச் சம்புப் புல்லும் மண்டிக் கிடக்கும். கம்பெனியில் எல்லோருக்கும் அது கொசு வளர்கிற இடம். நீ மட்டும் அந்த ஜன்னலை விட்டு நகரமாட்டாய்.

உன் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து கொண்டுவந்த பைனாகுலர் ஒன்று உன் பையில் எப்போதும் இருக்கும். 'ஜுமேல்' என்பாய். நான் சாம்பாரை ஊற்றிப் பிசைந்துகொண்டிருப்பேன், நீ பாத்திரத்தைத் திறக்காமலே அதைக் கண்ணில் வைத்துக்கொண்டு நிற்பாய். ஏதாவது தென்பட்டால் "வொலா! அதோ!" என்று மூச்சுவிடாத குரலில் ஒரு சத்தம். பார்த்ததையெல்லாம் கழித்துப் போட்ட அட்டைத் துண்டுகளில் பென்சிலால் எழுதிவைப்பாய். கானாங்கோழி, ரெண்டு குஞ்சோட. மீன்கொத்தி, கம்பி மேல. மடையான், இன்னிக்குத் தனியா.

எனக்கு அப்போது சிரிப்பாக இருந்தது. எங்கள் ஊரில் வயலுக்குப் போனால் இதையெல்லாம் தினமும் மிதிக்காத குறையாகப் பார்க்கலாம். அதற்கு ஒரு ஜுமேலா? ஆனாலும் உன்னோடு நின்றேன். நீ ஒரு கண்ணாடியை எனக்கும் ஒரு கண்ணாடியை உனக்கும் திருப்பி, கன்னத்தோடு கன்னம் ஒட்டி இருவரும் ஒரே நேரத்தில் பார்க்க முயன்று தலை முட்டிக்கொண்டது ஞாபகம் இருக்கிறதா?

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், மழை விட்ட ஒரு மத்தியானம். நான் கை கழுவப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது நீ ஜன்னல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாய்.

"வசந்தா, மயில் உள்ளான்டீ. பொட்ட. கழுத்து அப்படியே நாவப்பழம் தின்ன நாக்கு மாதிரி. கண்ணச் சுத்தி வெள்ளையா மை போட்டுருக்குறா. ஒரு நிமிஷம்கூட நிக்கல, கோரைக்குள்ள பூந்துட்டா."

"உள்ளானா? எங்க ஊர்ல அத வறுத்துத் தின்னுவாங்க."

"அது வேற உள்ளான். இது வேற."

"கானாங்கோழிய பாத்துட்டு வந்து பேசுற. பசி மயக்கம். சாப்புடு."

நீ சண்டை போடவில்லை. உட்கார்ந்து சாப்பிட்டாய். அடுத்த நாள் படப் புத்தகத்தைக் கொண்டுவந்து பக்கத்தைத் திறந்து என் முன்னால் வைத்தாய். அந்தப் பறவையில் பெண்தான் அழகு, ஆண் மங்கல். பெண் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். ஆண்தான் அடைகாத்துக் குஞ்சுகளை வளர்க்கும். அதைப் படித்துவிட்டு நீ சிரித்த சிரிப்பில் கீழேயிருந்து சூப்பர்வைசர் ஏறிவந்து எட்டிப் பார்த்தார். பிரான்ஸுக்குப் போன உன் வீட்டுக்காரர் திரும்பியே வராமல், செலினை நீ ஒற்றை ஆளாக வளர்த்ததை அறிந்தவள் நான். எனக்கும் சிரிப்பு அடங்கவில்லை. ஆனால் நீ பார்த்தாய் என்பதை மட்டும் நான் நம்பவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு மத்தியானமும் நீ அதற்காகவே நின்றாய். ஒரு முழு வருஷம். மறுபடி அது வரவேயில்லை.

நவம்பரில் ஒரு காலை, வேலைக்குக் கிளம்பிச் சேலை மடிப்பு எடுத்துக்கொண்டிருந்தவள் அப்படியே சாய்ந்துவிட்டாய். மூளையில் ரத்தக்கசிவு என்றார்கள். அன்றைக்கு உனக்குப் பிடிக்குமே என்று நான் எடுத்துவந்த கத்தரிக்காய்த் தொக்கு டப்பாவைத் திறக்காமலே திரும்பக் கொண்டுபோனேன். உன்னை யார் இப்படிப் போகச் சொன்னார்கள்? ஒரு வார்த்தை சொல்லக்கூடவா நேரமில்லை?

காரியமெல்லாம் முடிந்து செலின் என்னைக் கூப்பிட்டு ஜுமேலைக் கையில் கொடுத்தாள். "இது ஒங்ககிட்ட இருக்கட்டும் சித்தி. அம்மா அதத்தான் விரும்புவாங்க" என்றாள். நானும் பெரிய மனுஷி மாதிரி வாங்கிக்கொண்டேன்.

அதற்கப்புறம் இரண்டு மாதம் நான் அந்த ஜன்னலில் நின்ற நிற்பைச் சொன்னால் நீயே பரிதாபப்படுவாய். ஒன்றும் தெரியவில்லை, ஜெர்மேன். நீ இருக்கும்போது கூப்பிட்டு வைத்தாற்போல வந்துகொண்டிருந்த ஜீவன்கள் எல்லாம் எங்கே போயின? நான் ஜுமேலைத் தூக்கினால் கோரை ஆடும், அவ்வளவுதான். எது ஆட்டியது என்று தெரியாது. ஒரு சத்தம் கேட்கும். அது தவளையா பறவையா? நீயிருந்தால் சொல்லியிருப்பாய். ஒருநாள் ஆத்திரத்தில் ஜன்னல் கதவைப் படாரென்று சாத்தினேன். அப்போது பார்த்து ஏதோ ஒன்று நீலமாகப் பறந்து போனது. என்னவென்று இன்றுவரை தெரியாது. காத்திருந்தால் வரும் என்று நீ சொல்வாயே, அது எல்லோருக்கும் பொருந்தாது. எனக்குக் காத்திருந்தால் கோபம்தான் வரும்.

பொங்கல் விடுமுறை முடிந்து போன மூன்றாம் நாள் அது வந்தது.

பெண் இல்லை, ஆண். காய்ந்த மண்ணின் நிறம், சிறகில் பொன் புள்ளிகள், கண்ணைச் சுற்றி மஞ்சள் பூசினாற்போல ஒரு வளையம். சம்புக்கு இந்தப் பக்கம், தண்ணீர் ஓரம் ஒரு புல் திட்டு. அதற்குள் குனிந்து குனிந்து நுழைந்தது. மறுநாளும் அதே திட்டு. நாலாவது நாள் அது எழுந்து நின்று ஒருமுறை உடம்பை உதறியபோது பார்த்துவிட்டேன். அடியில் நாலு முட்டை. வெளிர் மஞ்சளில் கறுப்பு மசி தெறித்த மாதிரி.

திரும்பிப் பார்த்து, "ஜெர்மேன்" என்று சொல்லிவிட்டேன். ஸ்டோர் ரூமில் கட்டுக்கட்டாக அட்டைதான் இருந்தது.

நீ சொன்னது நிஜம். ஆண் இங்கே முட்டைமேல் உட்கார்ந்திருக்கிறது என்றால் உன் நாவல்பழக் கழுத்துக்காரி இந்தக் கோரைக்குள் இல்லாமலா? இதை நான் யாரிடம் போய் ஒப்புக்கொள்வது? அன்றைக்கு முழுக்க எனக்குச் சந்தோஷத்தைவிட எரிச்சல்தான் இருந்தது. ஒரு வருஷம் கால் கடுக்க நின்றவளுக்கு வராமல், பாதி நாள் திட்டிக்கொண்டே நின்ற எனக்கு வந்து உட்காருகிறதே, இது என்ன நியாயம்?

அந்த வாரக் கடைசியில் மனையின் முன்பக்கம் இரண்டு பேர் அளவு நாடா பிடித்துக்கொண்டிருந்தார்கள். சுவரோரம் போய் விசாரித்தேன்.

"குடோன் கட்டப்போறாங்கக்கா. இன்னும் ஒரு வாரத்துல ரப்பீஷ் அடிச்சு மேடாக்கிடுவோம்."

"ஒரு மாசம் தள்ளி அடிக்கக்கூடாதா? உள்ள பறவ முட்ட வச்சிருக்குது."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். "பறவைக்கா லாரிய நிறுத்துவாங்க? ஓனரு கிட்டப் பேசுங்க." ஓனர் யார் என்று அவர்களுக்கும் தெரியவில்லை.

இரண்டு நாள் லீவு போட்டு அலுவலகம் அலுவலகமாக அலைந்தேன். முதலில் போன தொழிற்பேட்டை அலுவலகத்தில், தனியார் மனைக்குள் நாங்கள் நுழைய முடியாது என்றார்கள். அடுத்து வனத்துறையில் மனுவை வாங்கிப் படித்தவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"மயிலா? மயிலு தேசியப் பறவையாச்சே. இன்னிக்கே ஆளு அனுப்புறோம்."

"மயில் இல்ல சார். மயில் உள்ளான். சின்னதா, கௌதாரி அளவுக்கு இருக்கும்."

பேனாவை மூடினார். "அப்ப மயிலு இல்ல."

"இல்ல சார்."

"அப்புறம் இன்னாத்துக்கும்மா மயிலுன்னு எழுதிக்கினு வந்தீங்க?"

"அதோட பேரே அதான் சார்."

"ஏரியில இருக்குற பறவைக்குத்தான் இங்க பாப்போம். இது எஸ்டேட்டு. நீங்க அங்க போங்க" என்று முதலில் போன இடத்தையே காட்டினார். வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்று அழுதேன். துக்கத்தில் இல்லை. அந்த மேசையைத் தூக்கிக் கவிழ்க்க முடியவில்லையே என்று.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. எங்கள் ஊர்க்காரர் ஒருவருக்குத் தெரிந்த நிருபர், உள்ளூர்ப் பத்திரிகை ஒன்றில் இருந்தார். போன் பண்ணினேன்.

நீ எத்தனையோ தடவை சொன்னாய். கூடு இருக்குமிடத்தை ஒருத்தருக்கும் சொல்லக்கூடாது, சொன்னால் அன்றோடு அது கூடு இல்லை என்று. கம்பெனிச் சுவரோரமாகவே கானாங்கோழிக் குஞ்சுகள் நடந்தபோதுகூட நீ மற்றவர்களைக் கூப்பிடவில்லை. எனக்கு அது மறக்கவில்லை. ஆனால் லாரி வரப்போகிறதே. சொன்னால் கூடு போகலாம், சொல்லாவிட்டால் நிச்சயம் போகும். நீயாக இருந்தால் என்ன செய்திருப்பாய்? நிஜமாகவே கேட்கிறேன்.

நிருபர் நல்ல மனிதர். ஸ்டோர் ரூம் ஜன்னலில் பொறுமையாக நின்று படம் எடுத்தார். என்னையும் ஜுமேலோடு நிற்கவைத்து ஒரு படம் எடுத்தார். ஞாயிற்றுக்கிழமை பத்திரிகையில் பாதிப் பக்கம். 'தட்டாஞ்சாவடியில் அபூர்வ மயில் பறவை: பெண் ஊழியர் கண்டுபிடித்தார்.' அந்தப் பெண் ஊழியர் நான். கூடு எந்தத் தெருவில், எந்தச் சுவருக்குப் பின்னால் என்பது வரைக்கும் வந்திருந்தது. உன் பெயர் ஒரு இடத்திலும் இல்லை.

காலை எட்டு மணிக்குச் செலின் போன் பண்ணினாள்.

"சித்தி, பேப்பரு பாத்தேன். அம்மா பேரு எங்க?"

"சொன்னேன் செலின். எடம் பத்தலன்னு வெட்டிட்டாங்கபோல."

"செரி சித்தி" என்று வைத்துவிட்டாள்.

அன்று சாயங்காலமே ஆட்கள் வரத் தொடங்கினார்கள். திங்கட்கிழமை மத்தியானம் நான் ஜன்னலைத் திறந்தபோது சுவர்மேல் வரிசையாகத் தலைகள். குடும்பம் குடும்பமாகச் சுண்டல் பொட்டலத்தோடு வந்திருந்தார்கள். மயில் எங்கே, தோகை விரிக்குமா என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டார்கள். ஒன்றும் தெரியாத கடுப்பில் யாரோ கல்லெறிந்தார்கள், பறக்கட்டும் என்று. நான் படியிறங்கி ஓடினேன். ஓடி என்ன செய்ய? ஒருவரை விரட்டினால் அந்தப் பக்கம் நாலு பேர் சுவரேறுகிறார்கள்.

முழங்கை நீளத்துக்கு லென்ஸ் மாட்டிய ஒருவர் கோரையைக் கத்தியால் அறுத்துக்கொண்டிருந்தார்.

"இன்னா சார் பண்றீங்க? அடைகாக்குது சார்!"

"மறைக்குதுக்கா. ரெண்டே நிமிஷம். ஒரு நல்ல ஷாட்டு கெடைச்சா நானே எல்லாரையும் வெளிய அனுப்பிடுறேன்."

"மொதல்ல நீங்க வெளிய வாங்க."

அவர் என் முகத்தை உற்றுப் பார்த்தார். "நீங்கதான பேப்பர்ல வந்தவங்க? நீங்க கூப்புட்டுத்தானக்கா வந்திருக்குறோம்."



அறுத்த கோரைக்கு நடுவில் அந்த ஆண் பறவை வெட்டவெளியில் உட்கார்ந்திருந்தது. எழுந்து ஓடவில்லை. இரண்டு சிறகையும் விரித்து, முன்னால் சாய்ந்து, பாம்பு மாதிரி சீறியது. சிறகின் பொன் புள்ளியெல்லாம் வெயிலில் மின்னின. உன்னோடு நின்று பார்த்திருக்க வேண்டிய காட்சி. கூட்டம் கைதட்டியது. தோகை விரித்துவிட்டதாம்.

செவ்வாய் மத்தியானம் வரைக்கும் அது இருந்தது. புதன்கிழமை இல்லை.

முட்டைகள் இருந்தன. மாடியிலிருந்தே தெரிந்தது, மறைக்கத்தான் ஒன்றும் இல்லையே. தந்திக் கம்பத்திலிருந்து ஒரு காக்கை இறங்கியது. நான் ஜன்னல் கம்பியில் தட்டினேன், டிபன் பாக்ஸ் மூடியால் அடித்தேன், கத்தினேன். அது ஒருமுறை தலையைச் சாய்த்து என்னைப் பார்த்துவிட்டு, ஒரு முட்டையைக் கொத்தி எடுத்துக்கொண்டு போனது. திரும்பி வந்தது. மொத்தம் நாலு தடவை. காக்கைமேல் எனக்குக் கோபம் இல்லை. கிடைத்ததைத் தின்கிற ஜாதி அது. யார்மேல் கோபப்படுவது என்று தெரியாமல் அந்த மூடியைச் சுவரில் விட்டெறிந்தேன். இப்போது அது டப்பாவுக்குப் பொருந்துவதில்லை.

இனிமேல்தான் வேடிக்கை. பேப்பரில் வந்ததும் அதிகாரிகள் ஜீப்பில் வந்து இறங்கினார்கள். ரப்பீஷ் லாரி வரக்கூடாது என்று உத்தரவாகிவிட்டது. மனையைச் சுற்றி முள்கம்பி போட்டு ஒரு போர்டும் வைத்தார்கள். 'பறவைகள் வாழிடம், தொந்தரவு செய்யாதீர்.' மேலே ஒரு படம். என்ன படம் தெரியுமா? தோகை விரித்த மயில். இப்போது கம்பி இருக்கிறது, போர்டு இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது. லீவு போட்டு நான் அலைந்தபோது ஒரு மாதம் அவகாசம் கேட்டேன், கொடுக்கவில்லை. பறவை போன பிறகு வருஷக்கணக்கில் கொடுக்கிறார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை செலின் எங்கள் வீட்டுக்கே வந்தாள். உன் மகள் இதற்குமுன் வந்ததெல்லாம் உன்னோடுதான். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அந்த நிருபருக்குப் போன் பண்ணுனேன் சித்தி. அம்மா பேர எதுக்கு வெட்டுனீங்கன்னு கேக்குறதுக்கு."

தண்ணீர் எடுக்கத் திரும்பினேன், அவள் நிறுத்தவில்லை.

"'மொதல்ல பாத்தது யாரு'ன்னு அவர் ஒங்கள கேட்டாராம். 'நான்தான்'னு சொன்னீங்களாம். அம்மாவ பத்தி நீங்க வாயே தெறக்கலையாம்."

பையிலிருந்து ஓர் அட்டைத் துண்டை எடுத்து மேசைமேல் வைத்தாள். உன் கையெழுத்து. 'மயில் உள்ளான். பொட்டை. மத்தியானம் ஒண்ணு பத்து. வசந்தா நம்பலை.'

ஆமாம் ஜெர்மேன். பத்திரிகை வெட்டவில்லை. நான்தான் சொல்லவில்லை. அந்த மனிதர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருஷக் கம்பெனி வேலையில் நான் சொல்வதை எழுதிக்கொள்ள ஒருவரும் பேனாவைத் திறந்ததில்லை. நான் ஜெர்மேனோடு சாப்பிடுகிற பொம்பளை, அவ்வளவுதான். உன் பெயரைச் சொன்னால், நீ சொல்லி நான் நம்பவில்லை என்பதையும் சொல்லவேண்டும். இதெல்லாம் பிறகு யோசித்துக் கண்டுபிடித்த காரணங்கள். அந்த நிமிஷத்தில் ஒன்றும் யோசிக்கவில்லை. 'நான்தான்' என்று அவ்வளவு சுலபமாக வந்தது. பேப்பரில் என் படத்தைப் பார்த்து ஒரு காலை முழுக்க எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன்.

செலினிடம் இதையெல்லாம் அன்றே சொன்னேன். திக்கித் திணறிச் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டு நின்றாள்.

"அம்மா இருந்தா சிரிச்சுட்டு வுட்டுருப்பாங்க சித்தி. எனக்குச் சிரிப்பு வரல."

அவ்வளவுதான். போய்விட்டாள். ஏழு மாதம் பேசவில்லை. நான் போன் பண்ணினால் எடுக்கமாட்டாள். அவள் வேலை செய்கிற மருந்துக்கடைக்கு இரண்டு தடவை போனேன். இரண்டு தடவையும் என்னை மற்ற வாடிக்கையாளர்களைப் போலவே, "இன்னா வேணும்?" என்று கேட்டாள். தலைவலி மாத்திரை வாங்கிக்கொண்டு வந்தேன்.

இடையில் நிருபரிடம் போய்த் திருத்தம் போடச் சொன்னேன். "இத்தன மாசம் கழிச்சு எப்படிக்கா போடுறது? எல்லாரும் மறந்துட்டாங்க" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. ஊர் மறந்துவிட்டது. சுண்டல் தின்றவர்கள் மறந்துவிட்டார்கள், லென்ஸ்காரர் அந்தப் படத்தை எங்கோ காட்டிப் பாராட்டு வாங்கியிருப்பார். மறக்க முடியாமல் இருப்பது நானும் உன் மகளும் மட்டும்தான்.

போன மாதம் ஒரு மத்தியானம் செக்யூரிட்டி வந்து, யாரோ உங்களைப் பார்க்க வந்திருக்கிறார்கள் என்றார். கேட்டருகே செலின் நின்றிருந்தாள். கையில் சாப்பாட்டுப் பை.

"அம்மா நின்ன ஜன்னல நான் பாத்ததே இல்ல. காட்டுறீங்களா?"

மாடிக்குக் கூட்டிப்போனேன். ஜுமேலைக் கொடுத்தேன். திருகிப் பார்க்கத் தெரியவில்லை, சொல்லிக்கொடுத்தேன். அரைமணியில் இருபது நிமிஷம் அப்படியே நின்றாள். ஒரு மடையான்கூடத் தென்படவில்லை. கம்பியும் போர்டும் அந்த வண்ண மயிலும்தான்.

"இதுலயா அம்மா ஒரு வருஷம் நின்னாங்க?"

"தெனமும்."

"ஒண்ணுமே வராமலேவா?"

"வராமலேதான்."

அவள் ஜுமேலை இறக்கவில்லை. கண்ணாடிக்குக் கீழே கன்னம் நனைந்திருந்தது. "ஒங்க மேல இன்னும் கோவமாத்தான் இருக்குறேன்" என்றாள். தெரியும் என்றேன். பிறகு இருவரும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். அப்போதுதான் இந்தக் கடிதத்தை எழுதச் சொன்னாள்.

ஆகவே ஊரே, கேட்டுக்கொள். அந்த மனையில் மயில் உள்ளானை முதலில் பார்த்தவள் ஜெர்மேன். பக்கத்திலிருந்தவள் நம்பவில்லை. அந்த நம்பாதவள்தான் நான்.

எழுதிவிட்டதால் மனம் லேசாகிவிட்டது என்று பொய் சொல்லமாட்டேன். லேசாகவில்லை. நாலு முட்டை நாலு முட்டைதான். எந்தக் கடிதமும் அதைத் திரும்ப வைக்கப்போவதில்லை. உன்மேல் இருக்கிற கோபமும் அப்படியேதான் இருக்கிறது. சண்டைபோட ஆளில்லாமல் ஒருத்தியைத் தனியே விட்டுப் போவாயா?

ஆனால் ஒரு சேதி இருக்கிறது. போன செவ்வாய்க்கிழமை, பஸ்ஸுக்காக ஒரு நிறுத்தத்தில் நின்றிருந்தேன். எந்த நிறுத்தம் என்று எழுதமாட்டேன். சாலைக்கு அந்தப் பக்கம் ஒன்றைப் பார்த்தேன். என்ன பார்த்தேன், தனியாக இருந்ததா, ஜோடியா, வாயில் என்ன கவ்வியிருந்தது என்பதையும் எழுதமாட்டேன். இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டு நின்றேன். அங்கே இன்னும் பத்துப் பேர் நின்றார்கள். ஒருவருக்கும் கையைக் காட்டவில்லை. மூச்சைக்கூடச் சத்தமாக விடவில்லை. படிப்பவர்கள் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

கல்லறைத் திருநாளுக்குச் செலினோடு வருகிறேன். மெழுகுவத்தியெல்லாம் அவள் ஏற்றட்டும், ஜெபத்தை அவள் சொல்லட்டும். அது முடிந்து அவள் நாலடி தள்ளிப் போன பிறகு, நான் குனிந்து உன்னிடம் மட்டும் சொல்கிறேன், எந்த இடம், என்ன பறவை என்று. இந்தத் தடவை நீ நம்பாமல் இருந்தாலும் பரவாயில்லை.

உன் மகளுக்கு இன்னும் சித்தியாக இருக்கிற,
வசந்தா